அலை உடையாத இடம்

17.06.2007, ஸில்ட் தீவு, வட ஜெர்மனி

இன்றும் விழுந்தேன். வாய் நிறைய மணல். பேனாட் தன் அலைச்சறுக்குப் பலகையில் இருந்தபடி சிரித்தான். "வெள்ளை நுரையோட ஏன் சண்டை பிடிக்கிறாய்? கறுப்பாக் கிடக்கிற வழியால வா."

கரைக்கு அடித்த தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தால் போகிறது. அங்கே அலை உடையாது. குளம்போலத் தெரியும். பலகை உள்ளவனுக்கு அது வாகனம். இல்லாதவனுக்கு —

எதிர்த்து நீந்தக் கூடாது. பக்கவாட்டில் நீந்த வேண்டும். கீல் பல்கலைக்கழகத்தில், கடலியல் வகுப்பில் இதைப் படித்தேன். இன்றுதான் உடம்புக்குப் புரிந்தது.

30.07.2007

அப்பா செத்து முதல் ஆடி அமாவாசை வருகிறது. கடலில்தான் முழுக வேண்டும் என்று எசன் நகரத்திலிருந்து ஃபோனில் அண்ணா. இங்கே வரச் சொன்னேன். பேனாட்டும் நிற்பான் என்றேன். அவனைத்தான் கட்டப் போகிறேன் என்பதும் அவன் என்ன சாதி என்பதும் அண்ணாவுக்குத் தெரியும்.

"மீன் பிடிக்கிற ஆக்களுக்குப் பலகை என்னத்துக்கடி? வலையைக் குடு."

பின்னால் அம்மாவின் சிரிப்பு.

ஒருதரம் நேரில் பார்த்தால் மனம் மாறும். மாறுமா?

12.08.2007

உயிர்காப்புக் காவலர் நிற்கும் கரையில் வெள்ளைக்காரர் உடுப்பில்லாமல் குளித்தார்கள். அம்மா கண்ணைப் பொத்தினா. "சீ, அப்பாவின்ர காரியத்தை இதுக்குள்ளயோ?" ஆளில்லாத இடம் தேடி நடந்தோம். அமாவாசை. கடல் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. அலையில்லாத இடமாகப் பார்த்து அண்ணா இறங்கினார்.

பேனாட் கத்தினான்: "அண்ணை, அதுக்குள்ள போகாதேங்கோ. அதுதான் இழுக்கிற இடம்."

"நீ எனக்குக் கடல் காட்டுறியோ?" வேண்டுமென்றே இன்னும் உள்ளே போனார். மூன்றாவது முழுக்கில் கால் எடுபட்டது.

பேனாட் பலகையோடு பாய்ந்தான். பலகையைத் தன் காலோடு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அதை அண்ணாவிடம் நீட்டினான். அண்ணா பலகையைப் பிடிக்கவில்லை. அவனைப் பிடித்தார். தோளில் ஏறினார். தலையில் மிதித்தார்.

காவலரிடம் ஓடினேன். கூட்டிக்கொண்டு வந்தபோது அண்ணா கரையில், பலகையைக் கட்டிப் பிடித்தபடி. அவன் இல்லை.

14.08.2007

தெற்கே ஒதுங்கியிருந்தான். காதுக்குள் மணல்.

19.08.2007, எசன்

வந்த ஆட்களுக்கு அண்ணா சொல்கிறார்: "பெடியன் குடிவெறியில நிண்டவன் போல. நான்தான் அவனை இழுக்கப் பாத்தனான். ஏலாமப் போச்சு."

அம்மா தேத்தண்ணி ஊற்றினா. என்னைப் பார்க்கவில்லை.

27.07.2008

அம்மாவின் ஃபோன். இந்த வருஷம் கடல் வேண்டாமாம். டுயிஸ்புர்க்கில், ரைன் ஆற்றில் அண்ணா முழுகுவாராம்.

"நீதானே தண்ணியைப் பற்றிப் படிச்சனி. அங்க இழுக்காதுதானே, பிள்ளை?"

சித்திரையில் டுயிஸ்புர்க்கில் ரைன் பாலத்தில் நின்றிருக்கிறேன். மிதவைகள் நீரோட்டத்தில் சரிந்து கிடந்தன. நிலக்கரிக் கப்பல் எதிர்த்து ஏற முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது.

"இழுக்காதம்மா" என்றேன்.