என் முழங்காலுக்கு ஒரு ஜெபக் குறிப்பு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். வலது முழங்கால் பூசணிக்காய் போல. பாத்ரூம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டே. தெருமுனை டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "யூரிக் ஆசிட் தூக்கலா இருக்குதுங்க. தண்ணி போடுவீங்களா?" இல்லை என்றேன். பக்கத்தில்தான் எஸ்தர். கட்டிய மனைவி. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

வாங்க: ஐஸ் பை, பி.பி. மாத்திரை, ரஸ்க்.

ஜூலை 10, வியாழன்

கொஞ்சம் வெயில். எங்கள் சபைக் கோயிலிலிருந்து செல்வராஜ், ஒரு சீப்பு பழத்தோடு. போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரேயடியா முடியாதுங்கண்ணா. கொஞ்சங் கொஞ்சமா விட்டுப்போடலாமுங்க."

காபியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "தெனமும் ரெண்டே டம்ளர்தானுங்க" என்றேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் விளங்கியது. எஸ்தர் பெண்கள் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கொடுத்திருக்கிறாள். வீட்டுக்காரர் குடியை விட வேண்டுமாம். எனக்காகச் சிலர் உபவாசம் வேறு.

அவள் அப்பா குடித்தே செத்தவர். தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவளைக் கட்டினேன். நாற்பத்து மூன்று வருடம், ஒரு சொட்டு இல்லை. கேட்டால், "டாக்டரே கேட்டாருங்களே" என்கிறாள். துரோகம். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. சாப்பிடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

டவுனில் மூட்டு டாக்டர். சின்னப் பெண். முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்தார். கலங்கல். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து, "யூரிக் ஆசிட் படிகம் இல்லீங்கய்யா, கால்சியம் படிகம். வயசானவங்களுக்கு மூட்டுல சேர்றது. ரத்தத்துல யூரிக் ஆசிட் ஏறுனதுக்கு உங்க பி.பி. மாத்திரையே காரணமா இருக்கலாம்."

"குடிச்சா வருமுங்களா?" வேண்டுமென்றே கேட்டேன்.

"குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

எஸ்தரைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மூட்டிலேயே இன்னொரு ஊசி போட்டு அனுப்பினார்கள்.

ஆட்டோவில் எஸ்தர் மெதுவாக, "ஏனுங்க, எல்லாரும் பட்டினி கெடந்து ஜெபிச்சாங்க. இப்ப எப்படிங்க மாத்திச் சொல்றது?" போத்தனூர் ரயில்வே கேட் தாண்டியதும், "சரிங்க. ஞாயித்துக்கெழம கோயில்ல சாட்சி சொல்றப்ப நானே எந்திரிச்சு சொல்லிப்போடறேன்" என்றாள்.

போதும். ராத்திரி ரெண்டு தோசை.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல காற்று. வீக்கம் வடிந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, கைத்தடி, இரண்டாவது வரிசை.

சாட்சி நேரத்தில் எஸ்தர் எழுந்தாள். "எங்க ஊட்டுக்காரருக்காக ஜெபிச்சீங்க. கர்த்தர் கேட்டுட்டாருங்க. காலு நல்லாயிருச்சு." என் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தப் பழக்கத்தையும் அடியோட விட்டுப்போட்டாருங்க."

சபை மொத்தமும் ஆமென் என்றது. பழக்க தோஷம், நானும்.