உன் சீட்டின் உயரம்

தோஸ்த்,

இன்று மத்தியானம் மழை. ஜன்னலை மூட மறந்துவிட்டேன். சாரல் உள்ளே வந்து உன் சைக்கிள் ஹேண்டில்பாரில் சுற்றிய தோலை நனைத்துவிட்டது. அவ்வளவுதான், வீடு முழுக்கத் தோல் வாசனை. "இன்னாடா இது, செத்த ஆடு வந்து கட்டில்ல படுத்த மாதிரி!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். கத்திய பிறகுதான் 'செத்த' என்ற சொல் அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். தேவையே இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டு ஒரு தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் ஹேண்டில்பாரைத் துடைக்கவில்லை. மூக்கை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன பிறகும் நாறுகிறாயே என்று சொன்னால் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நீதான். வேறு யாரிடமாவது சொன்னால் அடி விழும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இப்போதும் எனக்கு முழிப்பு வந்துவிடுகிறது. பள்ளிவாசலில் ஃபஜர் தொழுகை முடித்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக என் ஜன்னலுக்கு வருவாய். மணி அடிக்க மாட்டாய். நல்ல ரோடு பைக்கில் மணி இருக்கக் கூடாது, எடை ஏறும் என்பது உன் கட்சி. அதனால் வாயாலேயே "ட்ரிங் ட்ரிங்" என்பாய். "டேய், அந்த மணியோட எடையவிட உன் வாயி எடை ஜாஸ்திடா" என்று சொல்லிக்கொண்டே நான் செருப்பைத் தேடுவேன்.

ஹைவேயை ஒட்டிய டீக்கடைதான் நம்முடைய கண்காட்சி. வேலூரிலிருந்து சைக்கிளில் ஏலகிரி ஏறப் போகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். மீனுக்குச் சட்டை தைத்ததுபோல வழவழப்பான உடை, மூட்டை மூட்டையாகக் கெண்டைக்கால், ஊரைவிட்டு வெளியேறும்வரை தோல் ஃபேக்டரி வாசனைக்கு மூக்கைப் பிடித்த ஒரு கை. "சைக்கிளை ஒத்தக் கையில ஓட்ட இவங்க நம்ம ஊர்லதான்டா கத்துக்குறாங்க" என்று நான் சொன்னபோது டீ உன் மூக்கு வழியாக வந்தது. நினைவிருக்கிறதா?

கடைக்குப் பக்கத்துச் சுவரில் வண்டிகளை வரிசையாகச் சாய்ப்பார்கள். சாய்ப்பதற்கும் சட்டம் உண்டு. செயின் இருக்கும் பக்கம் ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் வண்டிமேல் இன்னொருவர் வண்டி படக் கூடாது. டயரில் இருக்கும் பெயரும் காற்றடிக்கும் வால்வும் ஒரே இடத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் போட்டோவில் அசிங்கம். பொண்ணு பார்க்க உட்கார வைப்பதுபோல உட்கார வைத்துவிட்டு, ஆளுக்கொரு டீயோடு எதிரில் நின்று குறை சொல்ல ஆரம்பிப்பார்கள். இத்தாலி ஃப்ரேமா, தைவான் ஃப்ரேமா. எலக்ட்ரானிக் கியர் சார்ஜ் தீர்ந்தால் என்ன ஆகும். கார்பன் சக்கரம் காற்றில் தள்ளுமா. நமக்குத் தெரிந்த கார்பன் கெமிஸ்ட்ரி புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது, அதிலும் நான் பாஸ் இல்லை.

"டிஸ்க் பிரேக் இல்லாம மலை இறங்குறது தற்கொலை சார்" என்பார் பெங்களூரிலிருந்து வரும் சார்.

"ரிம் பிரேக்லதான் இத்தன வருஷமா இறங்குறேன். பல்லு முழுசா இருக்கு, பாத்துக்கோங்க" என்று காட்டுவார் வேலூர் அண்ணன். அவர் பல் டாக்டர்.

"எங்க ஊர்ல செருப்புதாண்ணா பிரேக்கு. தேஞ்சா ஃபேக்டரில வேற ஜோடி" என்று நான் நடுவில் நுழைவேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீ மட்டும் இடது பக்கத்திலிருந்து என் இடுப்பைக் கிள்ளுவாய். பெரியவர்கள் பிரேக்கைப் பற்றிப் பேசும்போது விளையாடக் கூடாதாம்.

உனக்கு அது தொழுகை மாதிரி. அனுமதி கேட்டு, இரண்டு விரலை ஃப்ரேமுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவாய். அங்கே வருகிற எல்லோரும் அப்படித் தூக்கித்தான் பார்ப்பார்கள், ஆனால் நீ மட்டும் கண்ணை மூடிக்கொள்வாய். ஒரு தடவை டாக்டர் அண்ணனின் வண்டியைத் தூக்கிவிட்டு, "போன வாரத்துக்கு இந்த வாரம் கம்மியா இருக்கேண்ணா, பாட்டில் வெக்கிற கூண்ட மாத்திட்டீங்களா?" என்றாய். அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். கொஞ்ச நாள் கழித்து, வீட்டு மாடியில் கிடந்த தன் பழைய அலுமினிய ஃப்ரேமைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தார். அன்று நீ அதை ஓட்ட முடியாமல், சக்கரமே இல்லாத ஃப்ரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்ததை நான் பின்னாலிருந்து வாயால் கொட்டடித்து ஊர்வலமாக்கினேன்.

சக்கரம் ஒரு ஊரிலிருந்து, பெடல் ஒரு ஊரிலிருந்து என்று அது உருவானது. ஹேண்டில்பாரில் சுற்ற டேப்தான் கிடைக்கவில்லை. ஷூ ஃபேக்டரியில் மேல்தோல் தைக்கிற உன் அக்கா, நீ ஆபா என்று கூப்பிடுகிறவர், வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து, நீளமாக இணைத்து, சுற்றிச் சுற்றித் தைத்துக் கொடுத்தார். மறு ஞாயிறு உன் வண்டி சுவரின் கடைசியில் சாய்ந்து நின்றது. பெங்களூர் சார் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அத்தனை கார்பனையும் தாண்டி வந்து, உன் ஹேண்டில்பாரைப் பிடித்தவர் விடவே இல்லை.

"இது எந்த ஊர் டேப்பு? இத்தாலியா?"

"ஆம்பூர், சார்."

"சூப்பரா இருக்கேப்பா கிரிப்பு!"

"புடிச்சிப் பாருங்க சார், மோந்து மட்டும் பாத்துடாதீங்க" என்றேன் நான். அன்று நீ கிள்ளவே இல்லை. எல்லோரும் ஒவ்வொருவராக வந்து அதைப் பிடித்துப் பார்க்க, நீ தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாய்.

அதன் பிறகுதான் என் வேலை தொடங்கியது. நீ டீ வாங்கப் போகும்போது, உன் பையிலிருக்கும் அலன் சாவியை எடுத்து, சீட்டின் திருகைத் தளர்த்தி, ஒரு நகத்தின் கனம் இறக்கிவிடுவேன். எப்போதும் இறக்குவதுதான், ஏற்றியதே இல்லை. ஏற்கனவே என் காதளவுதான் நீ, இன்னும் குட்டையாக்கிப் பார்க்க ஆசை. நீ வந்து உட்காருவாய். பெடல் ஒரு சுற்றுக்கூடச் சுற்றியிருக்காது.

"டேய்! யாருடா கை வெச்சது?"

"உனக்குத்தான் வயசாகி சுருங்கிப் போய்ட்ட."

"பேஜார் பண்ணாத. சாவிய குடு."

நீயே ஏற்றிக்கொள்வாய். எவ்வளவு என்று அளக்க மாட்டாய், உட்கார்ந்து பார்த்துச் சரி என்பாய், சரியாகவே இருக்கும். சீட் கம்பியில் கீறல் விழுந்ததற்காக மட்டும் நிஜமாகவே திட்டினாய். "அடுத்தவன் வண்டில உக்காரணும்னா மொதல்ல டேப்பு ஒட்டணும்டா. அதான் மரியாதை." அந்தக் கூட்டத்தின் பெரிய சட்டம் அதுதானே. யார் வண்டியை யார் வாங்கி ஓட்டினாலும், சீட்டின் உயரத்தைக் கறுப்பு டேப்பால் குறித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். திருப்பித் தரும்போது அவரவர் உயரத்தில் தர வேண்டும்.

காய்ச்சல் என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய். நான் பார்க்க வந்தபோது உன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கையில் ஊசிக்குழாய். ஆபா வெளியே மருந்து வாங்கப் போயிருந்தார். எனக்கு ஜோக்கே வரவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக. நீதான் ஆரம்பித்தாய்.

"வண்டி எப்டி இருக்கு?"

"உன்னவிட நல்லா இருக்கு."

"சீட்டுல கை வெச்சியா?"

வைக்கவில்லை. உன் வீட்டில் அது சுவரோரம் அப்படியே நின்றது, தொடவே மனசு வரவில்லை. ஆனால், "வெச்சிட்டேன். எவ்ளோ எறக்கினேன்னு வந்து கண்டுபுடி" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். வண்டியைத் தூக்கிப் பார்க்கும்போது மூடுவாயே, அதுபோல. "வர்றேன் இரு. உனக்கு இருக்கு" என்றாய்.

அவ்வளவுதான் நாம் பேசியது.

நீ போய்க் கொஞ்ச நாள் கழித்து ஆபா உன் அலன் சாவியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே எங்கள் தெருவுக்கு வந்தார். "எங்க அம்மி அதையே பாத்துட்டு உக்காந்திருக்காங்கப்பா. நீ வெச்சுக்கோ. ஓட்டு, நிக்க வெச்சா டயரு வீணாப் போய்டும்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

ஓட்டினேன். உன் உயரத்திலேயே. இந்த ஒரு வருஷத்தில் நான் இன்னும் வளர்ந்திருக்கிறேன், முட்டி முகவாயில் இடிக்கும். சர்க்கஸில் கரடி சைக்கிள் விடுவதுபோல டீக்கடைக்குப் போவேன். சுவரின் கடைசியில், செயின் பக்கம் வெளியே தெரியச் சாய்ப்பேன். டாக்டர் அண்ணன் என் தோளைத் தட்டுவார், ஒன்றும் கேட்க மாட்டார். டிஸ்க்கா ரிம்மா சண்டை இன்னும் முடியவில்லை. நான் இன்னும் செருப்பு ஜோக் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கும்போதெல்லாம் என் இடுப்பு இடது பக்கம் தானாகச் சுருங்கிக்கொள்கிறது. யாரும் கிள்ளுவதில்லை.

போன ஞாயிறு டாக்டர் அண்ணன் வரவில்லை. ராணிப்பேட்டையிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு அக்கா வந்திருந்தார். நான் ஓட்டி வந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் யாருக்கும் பொறுக்காது, தப்பான உயரத்தில் ஒருவன் உட்கார்ந்திருப்பது சாப்பாட்டில் முடி கிடப்பதுபோல.

"தம்பி, இப்டி ஓட்டினா முட்டி போய்டும்பா. எறங்கு, நான் செட் பண்ணித் தர்றேன்." சாவியை எடுத்தவர், சட்டப்படி கேட்டார். "வேற யாராச்சும் இத ஓட்டுவாங்களா? டேப்பு ஒட்டிக்கட்டுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் யார் என்று கேட்பார். அவன் ஏன் வரல என்பார்.

"இல்லக்கா. என்னோடதுதான்."

அக்கா வேலையைச் சுத்தமாகச் செய்தார். கம்பியை முழுசாக வெளியே உருவி, அழுக்கைத் துடைத்து, கிரீஸ் தடவி, என் காலுக்கு ஏற்றபடி உயர்த்தி இறுக்கினார். திரும்பி வரும்போது வண்டி பறந்தது. கால் நீள, காற்று காதில் கத்த, இதுதான்டா ரோடு பைக் என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். சந்தோஷமாக இருந்தது, அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். மேம்பாலம் இறங்கும்போதுதான் உறைத்தது. நின்றேன். உன் உயரம் எங்கே?

வீட்டுக்கு வந்து ஏற்றினேன், இறக்கினேன்; கிரீஸில் கம்பி கீறல் விழாமல் வழுக்கியது. இதுவா, இதுவா என்று உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை தடவை திருகிய கைக்குத் தெரியாமலா போகும் என்று கண்ணைக்கூட மூடிப் பார்த்தேன். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் நான் கலைப்பவன், சரிசெய்தது நீ. உன் ஒருத்தனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை நாள் விளையாடியிருக்கிறேன். இந்த உலகத்தில் நீ இத்தனை உயரத்தில் உட்கார்ந்தாய் என்பதற்கு இருந்த ஒரே அடையாளத்தை, 'என்னோடது' என்ற ஒரு வார்த்தையால் துடைத்துவிட்டேன். ஒரு வாரமாக அதைத் தொடவே இல்லை.

இன்று அந்தத் தோல் வாசனையில் உட்கார்ந்திருந்தபோது மழை விட்டது. ஜன்னல் வழியாக வெயில் வந்து சீட் கம்பிமேல் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். கம்பியின் மேல்பாதியில் சுண்டுவிரல் அகலத்துக்குப் பட்டையாகக் கீறல்கள். என் கீறல்கள். நீ திட்டினாயே, அவைதான். அந்தப் பட்டைக்குக் கீழே கம்பி வழுவழுவென்று சுத்தமாக இருந்தது.

தோஸ்த், நான் எப்போதும் இறக்கியிருக்கிறேன், ஏற்றியதே இல்லை. இறக்கும்போது ஃப்ரேமுக்குள் உரசிப் போவது கம்பியின் மேல்பகுதிதான். அப்படியென்றால் கீறல் எல்லாம் உன் உயரத்துக்கு மேலே மட்டும்தான் விழுந்திருக்கும். கீறல் எங்கே முடிந்து சுத்தம் எங்கே தொடங்குகிறதோ, அதுதான் நீ.

உன் சாவியால் திருகைத் தளர்த்தி, அந்தக் கோடு ஃப்ரேமின் விளிம்பில் வந்து நிற்கும்வரை இறக்கி, கறுப்பு டேப்பை ஒரு சுற்று ஒட்டினேன். இனி ஞாயிறுதோறும் என் காலுக்கு ஏற்றிக்கொண்டு ஓட்டுவேன். வீட்டுக்கு வந்ததும் உன் உயரத்தில் வைத்துவிடுவேன். அடுத்தவன் வண்டி, அதான் மரியாதை. யாராவது கேட்டால், என் தோஸ்த்தோடது என்று சொல்லவும் பழகிக்கொள்கிறேன்.

எல்லாம் முடித்து சாவியைப் பையில் போட்டவன், திரும்ப எடுத்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னது ஒன்று பாக்கி இருந்தது. ஒரு நகத்தின் கனம் இறக்கினேன். டேப்பில் பொடிசாக ஒரு மடிப்பு விழுந்தது.

இறுக்கிவிட்டு, தள்ளி நின்று, இடுப்பைக் கையால் மறைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா இன்னும் அந்தத் தட்டைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள்.

சீட் அப்படியேதான் இருக்கிறது. சாவி என் பையில் இருக்கிறது.