வாங்குபவர் அல்லது அவர் நியமிப்பவர்

என் அருமை மருமகன் வாலுவுக்கு,

அத்தை எழுதுவது. நலம் என்று எழுதத்தான் ஆசை. இடது கண்ணும் நீயும் விடவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். புரை முற்றிவிட்டது, எதிரே வருவது ஆளா கம்பமா என்று கிட்டே போய்த்தான் தெரிகிறது.

உன் கூரியர் கவர் நேற்று வந்தது. ஆசையாகப் பிரித்தேன். உள்ளே ஒரு சம்மதக் கடிதம். நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் காகிதம் ஒட்டி அம்புக்குறி வேறு. கவரைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன், உன் கையால் ஒரு வரி இல்லை. கரண்ட் பில் அனுப்புகிறவன்கூட 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று ஆரம்பிக்கிறான். இடுப்பில் தூக்கி வளர்த்த அத்தைக்கு வெறும் அம்புக்குறி!

நீ செய்த காரியம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். போன வாரம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி ஒரு புருஷன் பெண்டாட்டி நின்றார்கள். அவர் பஸ் டிரைவர், அந்த அம்மா ரொட்டிக் கடையில் வேலை. கையில் அளவு டேப். யார் வேண்டும் என்று கேட்டால், "எங்க வீட்டப் பாக்க வந்தோம்மா, சமையலறையில ஃபிரிட்ஜ் நுழையுமான்னு அளக்கணும்" என்றார்கள். வழி தப்பி வந்தவர்கள் என்று நினைத்து, பாவமாயிருக்கிறதே என்று தண்ணீர்கூடக் கொடுத்தேன். அப்புறம் அவர் தன் போனை என் மூக்கருகில் நீட்டினார். என் கூடம், என் சமையலறை, கொடியில் தொங்கும் என் உள்பாவாடை, மேலே கொட்டை எழுத்தில் 'சொந்த வீடு விற்பனைக்கு'. ஞாபகத்துக்கு இருக்கட்டும் அத்தை என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாயே, அதே படங்கள். அந்தப் பாவாடையையாவது வெட்டியிருக்கக் கூடாதாடா, படுபாவி!

உனக்குப் போன் போட்டால் மீட்டிங். மறுபடி போட்டால் மறுபடி மீட்டிங். கடைசியில் ஒரு குரல் செய்தி வந்தது. "அத்த, நான் உங்க வீட்ட விக்கல. நாம போட்ட அக்ரிமென்ட்டத்தான் இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்தேன். எல்லா இன்வெஸ்டரும் பண்றதுதான். சட்டப்படி கரெக்ட்டு." திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சட்டம் இருந்தது, கணக்கு இருந்தது. கண் எப்படி இருக்கிறது அத்தை என்று மட்டும் எதிலும் இல்லை.

உன் அப்பாவிடம் முறையிட்டேன். என் அண்ணன் எப்போது என் பக்கம் பேசியிருக்கிறார்? பையன் முன்னுக்கு வருகிறான், நீ ஏன் குறுக்கே நிற்கிறாய் என்கிறார். என் வீட்டில் நான் நிற்பது குறுக்கே நிற்பதாம்!

சரி, சட்டம் என்றால் சட்டத்தையே கேட்போம் என்று ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் வக்கீலம்மாவிடம் போனேன். என் வீட்டை உனக்கு விற்பதாக நாம் போட்ட அக்ரிமென்ட்டை மேசை விளக்கடியில் வைத்துப் பொறுமையாகப் படித்தார். வாங்குகிற ஆள் தன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது தப்பில்லையாம், கூடாது என்று எழுதியிருந்தால் ஒழிய. நம்முடையதில் கூடாது என்று இல்லை. போதாததற்கு 'வாங்குபவர் அல்லது அவர் நியமிப்பவர்' என்று நீ தெளிவாகவே போட்டிருக்கிறாய். அது என்னடா என்று நான் அன்றைக்கே கேட்டேன். "அது எல்லா அக்ரிமென்ட்லயும் வர்ற வரி அத்த, கண்டுக்காதீங்க" என்றாய். நான் கண்டுகொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தது நீ என்பதால்.

வக்கீலம்மா அதோடு விடவில்லை. பத்திரம் பதிவாகும்வரை வீடு என் பெயரில்தான். நீ விற்கக்கூடியது அந்தக் காகிதத்தில் உனக்கு இருக்கும் உரிமையை மட்டும். 'சொந்த வீடு விற்பனைக்கு' என்று விளம்பரம் போட்டது லைசென்ஸ் இல்லாமல் புரோக்கர் வேலை பார்த்த கதையாகும், யாராவது புகார் கொடுத்தால் நீ மாட்டிக்கொள்வாய் என்றார். உன்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அந்த விளம்பரத்தை எடுக்கச் சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. உடனே எடு. இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதே.

அப்புறம் அவர் பக்கத்தைத் திருப்பினார். ஓரத்தில் உன் கையால் எழுதிய அந்த நிபந்தனை. 'இடது கண் ஆபரேஷன் முடிந்து தேறும்வரை விற்பவர் பின்னறையில் இருப்பார். அவரை ஆஸ்பத்திரிக்கு வாங்குபவரே நேரில் அழைத்துப் போய் அழைத்து வருவார்.' இதெல்லாமா அத்தை எழுதுவார்கள் என்று சிரித்தாய். எழுதுடா என்றேன். ஏன் என்று உனக்குத் தெரியும். வலது கண்ணுக்குப் போய்விட்டு வந்த அன்று டாக்சிக்காரன் என்னை வேறு தெருவில் இறக்கிவிட்டான். கண்ணில் கட்டோடு யார் வீட்டுக் கதவையோ தட்டி, "டேய் வாலு, கதவத் தொறடா" என்று கத்திக்கொண்டு நின்றேன். நீ ஊரிலேயே இல்லை என்பதுகூட அந்தப் பயத்தில் மறந்துபோயிற்று.

அந்த நிபந்தனை ஆளை நம்பிப் போட்டது, என் சம்மதம் இல்லாமல் அதை வேறு ஆள் தலையில் கட்ட முடியாது என்றார் வக்கீலம்மா. கூரியரும் அம்புக்குறியும் எதற்கு வந்தன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதுவரை எழுதிவிட்டு இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டேன். எழுதினால் திட்டாகத்தான் வந்தது, காகிதம் கிழிந்துவிடும்போல் இருந்தது.

இதற்கிடையில் டிரைவர் வீட்டார் மறுபடி வந்தார்கள். ஓரத்து நிபந்தனையை நீ அவர்களிடம் காட்டவே இல்லை. பின்னறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். வீட்டோடு ஓர் அத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குடியிருந்த வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மா மட்டும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்புறம், "அதுக்கென்னம்மா, நீங்க பாட்டுக்கு இருங்க. ஆஸ்பத்திரிக்கு நான் லீவு போட்டுட்டு வர்றேன்" என்றது. முன்பின் தெரியாத ஒருத்தி மூச்சுவிடாமல் சொல்கிறாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உன்மேல் ஆத்திரம்தான் இன்னும் ஏறியது.

வாலு, விலையைக் குறைத்தது நீ குடிவருவாய் என்று. பின்னறையில் நான், முன்னறையில் நீ, காலையில் உன் டீயை நான் போடுவேன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பணமுடை என்றால் அத்தை என்று கேட்டிருக்கலாமே. கொடுத்திருப்பேனே! வேலை பார்த்த காலமெல்லாம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து அழைப்புகளை ஆள் மாற்றி ஆள் மாற்றிக் கொடுத்தவள் நான். "மாத்தித் தரட்டுங்களா?" என்று கேட்காமல் ஒரு அழைப்பைக்கூட மாற்றியதில்லை. என் வீட்டை நீ கேட்காமலே மாற்றிவிட்டாய்.

கையெழுத்துப் போடாமல் விட்டால் எல்லாம் குட்டிச்சுவராகிவிடும், எனக்குத் தெரியும். உனக்கு வேண்டும் அது. ஆனால் அந்த டிரைவர் பெண்டாட்டி என்ன பாவம் செய்தாள்? அதனால் போட்டுவிட்டேன். அம்புக்குறி காட்டிய இடத்திலெல்லாம் போட்டிருக்கிறேன். வீடு அவர்களுக்கே போகட்டும். தேறும்வரை பின்னறையில் இருந்துகொள்ளச் சொல்லி அவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வரியை மட்டும் வக்கீலம்மா முன்னிலையில் அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன். என்னை அழைத்துப் போகும் பொறுப்பும் புதியவருக்கு மாறும் என்று நீ டைப் அடித்திருந்த வரி. அதை நான் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. அது உன் பேரிலேயே இருக்கிறது.

வருகிற மாதம் முதல் புதன்கிழமை ஆபரேஷன். இந்தத் தடவை துணைக்கு ஆள் இல்லாமல் உள்ளேயே சேர்க்க மாட்டார்களாம். துணைக்கு யார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்டார்கள். அந்த அம்மா பக்கத்தில்தான் நின்றது, தன் பெயரைச் சொல்லச் சொல்லி ஜாடை காட்டியது. நான் உன் பெயரைத்தான் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுத் தூங்கு. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருடா. செவ்வாய்க்கிழமை இரவே வந்துவிடு. வேலை வந்துவிட்டது, மீட்டிங் வந்துவிட்டது என்று வேறு யாரையும் அனுப்பிவைக்காதே. உன் அக்ரிமென்ட்டில் உள்ள அந்த 'அல்லது அவர் நியமிப்பவர்' எனக்கு வேண்டாம். நீ வா.

உன் அத்தை