முப்பத்திரண்டு படமும் உன் சின்னம்மாவும்

வில்லியனூர்,
9.7.1978, ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

பம்பாய் மாநகரத்துக் கடைகளின் பெயர்ப்பலகைகளையெல்லாம் ஒற்றைத் தூரிகையால் ஆண்டுவரும் சித்திரச் சக்கரவர்த்தி, என் மகன் சவரிநாதனுக்கு, உன் சித்தப்பன் மரியசுந்தரம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான், உன் சின்னம்மா, ஆடு இரண்டு, முட்டையிட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிற கறுப்புக் கோழி எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஏணியில் கால் பார்த்து ஏறி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

உன் சின்னம்மாவுக்குக் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிலையாக வைப்பார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அந்த மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கடைசி வரிக்குத் தாவாதே. இருபத்தைந்து வருஷம் நடவு நட்டு அவள் காலில் சேற்றுப்புண் ஆறாமல், இனிமேல் சேற்றில் இறங்கினால் காலே போய்விடும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். இந்த வேலை இல்லையென்றால் மறுபடி வயல்தான். பள்ளிக்கூடத்துக்குள் தமிழ் பேசக் கூடாதென்பது அங்கே சட்டம், அதற்காகத்தான் நீ முப்பத்திரண்டு படம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினாய். பெல் கயிற்றோடு ஆகாயத்துக்குப் போகிற பியூன், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற காக்கா, பெஞ்ச் உடைந்து எட்டுப் பையன்கள் கால் மேலே கிடக்கிற படம், இதையெல்லாம் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் சங்கராபரணி ஆற்றின் அக்கரையில் தண்ணீர் குடித்த எருமைகள் தலைதூக்கிப் பார்த்தன, சந்தேகமிருந்தால் எருமைகளைக் கேள்.

பாடம் நடத்தும் பொறுப்பை நான் ஏற்றேன், அங்கேதான் வினை. எனக்குத் தெரிந்த படிப்பெல்லாம் சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்குவதற்கு உபதேசியார் கேள்வியும் பதிலுமாகச் சொல்லிக்கொடுத்த ஞானோபதேசம் ஒன்றுதானே, அதே முறையில் கேள்வி நான், பதில் அவள், முதல் படத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில், முடிவில் ஆமென். பத்து நாளில் மணிமணியாகச் சொன்னாள், நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன். ஆனால் ஞானோபதேசத்தில் நடுவிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் நமக்கெல்லாம் பதில் வருமா, முதலிலிருந்து ஆரம்பித்தால்தானே வரும். இரண்டாவது வாரத்தில் ஒன்றாம் வகுப்புப் பெண் ஒன்று அவள் புடவையைப் பிடித்திழுத்து பாத்ரூம் பாத்ரூம் என்றிருக்கிறது. அது இருபத்து மூன்றாவது படம். உன் சின்னம்மா கைகூப்பி நின்று பெல், லேட், பெஞ்ச் என்று தொடங்கி இருபத்து மூன்றுக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் குழந்தையின் காலடியில் சங்கராபரணிக்கு ஒரு தங்கை பிறந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தை நடத்தும் பெரிய மதர் கூப்பிட்டு, இந்த ஒரு மாதம் முடியும்வரைதான் பார்ப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேட்டு நான் சிரித்தேன், இன்னாய்யா சிரிக்கிற, அந்தப் புள்ள நனைஞ்சி நின்னுது, என் புத்தியும் போச்சி, நான் சேத்துக்கே போறேன் வுடு என்று சொல்லிவிட்டு அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, இதை நீ யாரிடமும் சொல்லாதே, ஊரில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

போன வியாழக்கிழமை மத்தியானம், சுப்பராயலு டாக்டர் மகள், இரண்டாம் வகுப்பு, குப்பைக்கூடைப் பக்கம் நின்று தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். இங்கிலீஷில் ஏதோ சொல்லி வாயைத் திறந்து காட்டினாளாம், இவள் பசி என்று நினைத்து டிபன் பாக்ஸைக் கொடுத்தாள், தாகம் என்று தண்ணீர் கொடுத்தாள், குழந்தை இன்னும் உரக்க அழுதாள். முப்பத்திரண்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாளாம், அதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அப்போது உன் சின்னம்மா செய்ததை நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். தரையில் உட்கார்ந்து குழந்தையின் சிலேட்டுப் பலகையையும் குச்சியையும் எடுத்து அதன் கையிலேயே கொடுத்துவிட்டாள். குழந்தை குகை மாதிரி ஒரு வாய் போட்டு, அதில் ஒரு ஓட்டை விட்டு, பக்கத்தில் சின்னப் பொட்டலம் ஒன்று போட்டு, அதற்கும் பக்கத்தில் கையில் துடைப்பத்தோடு, கத்தரிக்காய் அளவு மூக்கோடு ஒரு பொம்பளையைப் போட்டிருக்கிறாள். அந்த மூக்கு தன்னுடையது என்று பார்த்ததும் இவளுக்கு விளங்கிவிட்டது, விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தது குழந்தை, காலையில் பெருக்கித் தள்ளியது இவள்தான். கூடையைக் கவிழ்த்து இரண்டு பேரும் குப்பைக்குள் உட்கார்ந்து தேடிப் பல்லை எடுத்துவிட்டார்கள். குழந்தை அதைக் கையில் வைத்து டூத் என்றதாம், இவளும் டூத் என்றாளாம், முதல் படத்திலிருந்து ஆரம்பிக்காமல் அவள் கற்ற முதல் வார்த்தை அதுதான்.

மறுநாள் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இவளுக்குப் படம் போட்டுக் காட்டப் பலகையோடு வரிசையில் நின்றனவாம், ஒருவன் டீச்சரின் கொண்டையைக் குருவிக்கூடு மாதிரி போட்டானாம், அதற்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று கேட்டு மனதில் வாங்கிக்கொண்டாளாம். பெரிய மதர் வராந்தாவில் நின்று எல்லாம் பார்த்திருக்கிறார். சாயந்திரம் கூப்பிட்டு, ஒரு மாதம் என்கிற பேச்சு இனி இல்லை, திங்கட்கிழமை முதல் நிலையாக வா என்று சொல்லிவிட்டார். காலுக்குச் செருப்பும் போட்டுக்கொள்ளச் சொன்னாராம். செருப்பு நான் வாங்கிவிட்டேன், போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறாள், இந்தக் கடிதம் எழுதும் சத்தத்தைவிட அந்தச் சத்தம் பெரிது.

மாதா உனக்குத் துணையிருப்பாளாக, உன் கைக்கு நடுக்கமில்லாமல் நீண்ட ஆயுசு கொடுப்பாளாக. மூன்று வயதிலிருந்து உனக்குச் சோறூட்டியவள் பக்கத்தில் நின்று ஒன்றை மறக்காமல் எழுதச் சொல்கிறாள். இன்னும் படம் போட்டு அனுப்புவாயாம், ஆனால் கீழே வார்த்தை எழுத வேண்டாமாம், அதைப் பிள்ளைகளிடம் அவளே கேட்டுக்கொள்வாளாம்.

இப்படிக்கு,
வேலையிழந்த இங்கிலீஷ் பேராசிரியர்,
உன் சித்தப்பன் அ. மரியசுந்தரம்