அக்காவின் கையுறைச் சட்டம்

அக்கா,

நேற்றுக் காலை விளைமீன் வெட்ட வேண்டியிருந்தது. விரலில் ஒரு சின்னக் கீறல், உப்புப் பட்டாலே எரிகிறது. அதனால் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து அலுமாரிக்குள் தள்ளிவைத்திருந்த சாமான்களைக் கிளறி, அந்த நீலக் கையுறைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். ஒன்றை இழுத்து மாட்டியதும் ரப்பர் மணம் மூக்கில் ஏறியது. அதோடு என் வாய், என்னைக் கேளாமலே, "குட் மோர்னிங், மிஸ்" என்றது. அடுப்படியில் மீனைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

நீங்கள் போய் ஒரு பனிக்காலமும் முடிந்துவிட்டது. எனக்குக் களைப்பு மட்டும் போகவில்லை. நித்திரை கொண்டு எழும்பினாலும் களைப்பு. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார், எல்லாம் சரியாம். உங்களைப் பராமரித்த களைப்பு இது என்று அவருக்குச் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் உங்களைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும்.

நடுக்கம் கையில் தொடங்கிக் காலுக்கு இறங்கிய பிறகு, உங்களை எழுப்பிக் குளிப்பாட்ட அரசாங்கச் செலவில் ஒரு கொம்பனி ஆட்களை அனுப்பியது. ஒவ்வொரு காலையும் ஒரு புது முகம். எந்தத் துவாய், எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது, எந்த முழங்காலில் கை வைக்கக்கூடாது என்று முதலிலிருந்து தொடங்குவீர்கள். "நான் இப்ப டீச்சராப் போனன். தினம் புதுப் பிள்ளையளுக்குப் பாடம் எடுக்கிறன்," என்று ஃபோனில் சிரிப்பீர்கள். வருகிறவர்கள் சில நாள் மத்தியானம் ஆகியும் வரமாட்டார்கள். அவசரத்துக்குப் போக வேண்டியதை அடக்கிக்கொண்டு நீங்கள் கட்டிலில் கிடப்பீர்கள். நான் மிசிசாகாவில் விமானச் சாப்பாடு கட்டும் வேலையை முடித்துவிட்டு, மல்வேர்னில் இருக்கிற என் வீட்டுக்குப் போகாமல், நேரே டோர்செட் பார்க்கில் உங்கள் அப்பார்ட்மென்றுக்கு வந்து சோபாவில் சரிவேன்.

ஒருநாள் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான், வீட்டுப் பராமரிப்பை ஒழுங்குசெய்கிற கோர்டினேற்றர் பெண் எங்களை இருத்தி வைத்துச் சொன்னாள். பராமரிப்புக் காசை எங்கள் கையிலேயே தருவார்களாம். ஆளை நாங்களே தேடி வேலைக்கு வைத்து, நாங்களே சம்பளம் கொடுத்துக் கணக்குக் காட்ட வேண்டும். சரியான ஆள் கிடைக்காவிட்டால் முதியோர் இல்லத்துக்குப் பெயர் பதிவதுதான் வழி.

"அங்கை போய் ஆரோடையடி கதைக்கிறது? நான் சாகிறதெண்டால் என்ரை கட்டில்லைதான்," என்றீர்கள்.

தொழிற்சாலையில் சூப்பவைசரின் நிழலுக்குப் பயந்து வேலை செய்த மனுசி நீங்கள். வேலைக்கு ஆள் எடுக்கிற உரிமை வந்ததும் அதைக் கொண்டாடியே விட்டீர்கள். நேர்முகத் தேர்வு அன்று நல்ல சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, பவுடரும் பூசி மேசையடியில் இருந்தீர்கள். வந்தவள் றெஜினா. பயிற்சி முடித்த பிள்ளை, நாற்பது வயது இருக்கும். அவள் சான்றிதழை நீட்ட, நீங்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எந்த ஊர் பிள்ளை?"

"ஊர்காவற்றுறை, அன்ரி."

"ஊர்காவற்றுறையிலை ஆற்றை பிள்ளை?"

தேத்தண்ணி ஆறுமுன் நீங்கள் அவளுடைய அம்மம்மா வரைக்கும் போய்விட்டீர்கள். அந்த அம்மம்மா எங்கள் அம்மாவுக்கு இரண்டுவிட்ட அக்கா என்று தெரிந்ததும் மேசையில் ஒரு தட்டுத் தட்டினீர்கள். "அப்ப நீ எனக்குப் பெறாமகளெல்லே! அன்ரியாம் அன்ரி. பெரியம்மா எண்டு கூப்பிடு. உவள் உனக்குச் சின்னம்மா."

ஆளைத் தூக்கத் தெரியுமா, மருந்து நேரம் தெரியுமா என்று நான் எழுதிக்கொண்டு வந்த கேள்விகள் அப்படியே கிடந்தன. கலியாணப் பேச்சு முடிந்தமாதிரி றெஜினாவும் எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினாள்.

அடுத்த கிழமை கோர்டினேற்றர் ஃபோன் எடுத்தாள். இந்தப் பெண் உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டாள். சொந்த வீட்டு ஆட்களை அந்தக் காசில் வைக்க முடியாதென்று முன்பே படித்துப் படித்துச் சொன்னவள். நீங்கள் பெருமையாக, "யெஸ், யெஸ். லைக் மை டோட்டர்," என்றீர்கள். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி அவள் ஃபோனை வைக்க, நான் தலையில் கை வைத்தேன்.

"சொந்தமில்லை எண்டு சொல்லுங்கோவன் அக்கா! ஒரு சொல்லுத்தானே?"

"பிள்ளையின்ரை முகத்தைப் பாத்த பிறகு சொந்தமில்லை எண்டு எப்பிடியடி சொல்லுறது? நான் சொல்லமாட்டன்."

அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் சில கிழமைகள் நான் சோபாவில் படுத்தேன். வேலையில் இனி லீவு கேட்டால் வீட்டிலேயே நின்றுவிடச் சொல்லுவார்கள் என்ற நிலை. கடைசியில் நானே ஃபோன் எடுத்து, அம்மாவின் பூட்டியில் தொடங்கி றெஜினா வரைக்கும் வரிசையாக விளங்கப்படுத்தினேன். கோர்டினேற்றர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது சொந்தத்தில் சேராது, தாராளமாக வைக்கலாம் என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்குக் கோபம் வந்தது. "எங்கடை சொந்தத்தைச் சேராது எண்டு சொல்ல உவ ஆர்?" என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள்.

கரைச்சல் அத்தோடு முடிந்ததா? றெஜினா வேலைக்கு வந்த முதல் நாள், வந்த பிள்ளை முதலில் சாப்பிடட்டும் என்றீர்கள். பிறகு அவள் அம்மாவின் சுகம், ஊர்க் கதை. குளிக்கும் நேரம் வந்ததும், "நான் அப்பவே உடம்பு துடைச்சிட்டன்," என்று பொய். மறுநாளும் அதே பொய். இப்படியே போக, ஒருநாள் வாசலில் வைத்து அவள் எனக்கு மெதுவாகச் சொன்னாள்.

"சின்னம்மா, சும்மா இருந்து சம்பளம் வாங்க எனக்கு ஏலாது. திருப்பிப் படுக்கவைக்கேக்கை கண்டனான், பெரியம்மாவுக்கு நாரியடியிலை, இடுப்புப் பக்கம், தோல் சிவந்துபோச்சு. புண் வந்தால் ஆஸ்பத்திரிதான். அங்கையிருந்து வீட்டுக்கு விடமாட்டினம்."

நான் உள்ளே போய்ச் சத்தம் போட்டேன். சொந்தம் கொண்டாடினதும் நீங்கள், வெட்கப்படுவதும் நீங்கள் என்றேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னீர்கள்: "பிறத்தியாள் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பன். இது எங்கடை பிள்ளை. என்னைக் கழுவிப்போட்டுப் போய்த் தாயோடை கதைப்பாள். பிறகு நான் எந்த முகத்தோடை அந்த மனுசியோடை கதைக்கிறது?"

மறுநாள் காலை றெஜினா கையுறைப் பெட்டியோடு கட்டிலடிக்கு வர, நீங்கள் சட்டத்தைச் சொன்னீர்கள்.

"பிள்ளை, உந்தக் கையுறையைப் போட்டால் நீ ஆரோ, நான் ஆரோ. இங்கிலீஷிலைதான் கதைக்கவேணும். கழட்டினாப் பிறகு நீ என்ரை பெறாமகள்."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும். கையுறையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, "குட் மோர்னிங், மிஸ்," என்றாள். நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "குட் மோர்னிங், நேர்ஸ்," என்றீர்கள். கழுவி, துடைத்து, மருந்து பூசி முடியும் வரைக்கும் பிளீஸும் தாங்க்யூவும்தான். பிறகு கையுறை குப்பைக்குள் விழுகிற சத்தம் கேட்கும். நீங்கள் கண்ணைத் திறந்து, அப்போதுதான் அவளைக் கண்டவர்போல், "வா பிள்ளை, எப்ப வந்தனி?" என்று கேட்பீர்கள். "இப்பதான் பெரியம்மா. புட்டோ, இடியப்பமோ?" என்பாள் அவள்.

தோல் ஆறியது. தினமும் அதே முகம், அதே கை. நான் என் வீட்டுக் கட்டிலில் படுக்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை றெஜினா பூசைக்குப் போவாள், அன்று என் முறை. முதல் ஞாயிறு நான் வெறுங்கையோடு வர, "நீயும் போடு," என்றீர்கள். "நான் உங்கடை தங்கச்சியெல்லே?" "அதுதான் சொல்லுறன், போடு." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் போகப் போக அது எனக்கும் ஒரு ஆறுதலாகிவிட்டது, அக்கா. நீங்கள் மெலிந்துகொண்டு போனதைத் தங்கச்சியாக நின்று பார்க்க என்னால் முடியவில்லை. கையுறை போட்ட நேரம் நான் தங்கச்சியாக இருக்கத் தேவையில்லை. "ரேர்ண் லெஃப்ற், மிஸ்," என்று சொல்லும்போது அழுகை வராது. முடிந்ததும் என்னையும் பார்த்து, "எப்ப வந்தனி?" என்று கேட்பீர்கள். நானும், "இப்பதான்," என்பேன்.

பனி கரையத் தொடங்கிய அந்தக் கடைசி ஞாயிறு, நீங்கள் சாப்பாட்டை விட்டிருந்தீர்கள். வெந்நீர் கொண்டுவந்து வைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு, "குட் மோர்னிங், மிஸ்," என்றேன். மறுமொழி இல்லை. பார்த்தால், கண் திறந்திருந்தது.

"கழட்டிப்போட்டு வாடி."

"கழுவவேணும் அக்கா."

"தெரியும். கழட்டிப்போட்டுக் கழுவு."

வெறுங்கையால் கழுவினேன். முதுகு, நாரி, கால் எல்லாம். நீங்கள் கண்ணை மூடவில்லை. "உனக்குக் கையெல்லாம் காய்ச்சுப்போச்சு," என்றீர்கள். துவாயைச் சுற்றி, தலையணையைச் சரிசெய்து நிமிர்ந்தபோது, என்னைப் பார்த்து, "எப்ப வந்தனி?" என்று கேட்டீர்கள். வழக்கமான "இப்பதான்" என் வாயில் வரவில்லை. அந்தக் கிழமைக்குள், உங்கள் கட்டிலிலேயே, நீங்கள் விரும்பினபடியே போய்விட்டீர்கள்.

நேற்று நான் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால்தான் மீனை வெட்டினேன். கீறல் எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன். கையைக் கழுவித் துடைக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டதுபோல் இருந்தது, அதே கேள்வி. அதைத்தான் அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன். அன்றைக்குச் சொல்லாத மறுமொழியை இன்றைக்குச் சொல்கிறேன்.

நான் எங்கையும் போகேல்லை, அக்கா.