அறுபது கிளுவைக் குச்சிகள்

ஏப்ரல் 12, ஞாயிறு

எனக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. சோழபுரத்துக்கு அந்தப் பக்கம், மூடிப்போன சுண்ணாம்புக்கல் குவாரியில் நிற்கிற நானூறு மரக்கன்றுக்கு வருகிற சனிக்கிழமைதான் பப்ளிக். ரெண்டு வருஷம் முன்னால் குவாரிக் கம்பெனிக்காக அம்மாவும் இன்னும் எட்டுப் பேரும் நட்டது. அம்மாதான் சூப்பர்வைசர். நூற்றுக்கு எண்பது உயிரோடு இருந்தால் பாஸாம். வெறும் தண்ணி குடித்தே எண்பது மார்க்! எங்க கெமிஸ்ட்ரி மிஸ் காதில் இதைப் போடணும்.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "எம்புட்டு தண்ணி ஊத்தியும் காஞ்சுதான் நிக்கி. பெயிலாக்கி, வேற ஆளப் போட்டுட்டா என்னட்டி செய்ய?"

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. பாயசம் குடித்துவிட்டு ஜோயலோடு குவாரிக்கு. (பக்கத்து வீடு. என் எல்லாக் குற்றத்திலும் கூட்டாளி.) கோடையில் இலை கொட்டிவிடுவதால் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்கணும். உள்ளே பச்சை என்றால் உயிர். அம்மா சொன்னது.

கீறினோம். இருநூற்று அறுபத்தொன்பது. அதாவது அறுபத்தேழு மார்க். மற்றதெல்லாம் சுள்ளி.

பாதிக் குழியில் கிளுவை நட்டிருக்கிறார்கள். ஜோயல் வீட்டு வேலியும் கிளுவைதான். குச்சியை வெட்டிச் செருகினால் ஒரு மாசம் ஆனாலும் கீறினால் பச்சை. வேர் விட்டதா இல்லையா, யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 16

அறுபது குச்சி செருகியாச்சு. ஐம்பத்தொன்று போதும். ஒன்பது கிரேஸ் மார்க்.

ஏப்ரல் 18, சனி

மதிப்பெண் போட வந்தது ஸ்ரீப்ரியா அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் டீச்சர். குறிப்பெழுத ஆள் வேணுமென்றாள். நானே போய் நின்றேன் — திருடியிடமே சாவி.

கீறிக் கீறி எண்ணினாள். முந்நூற்று இருபத்தொன்பது! உள்ளுக்குள் ஒரு குத்தாட்டம்.

அதோடு கிளம்பியிருக்கலாம். மீட்டர் அளவில் கயிற்றைச் சதுரமாகப் போட்டு மண்டிபோட்டாள். மரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. தரையை மோந்து பார்க்காத குறை. இருபது இடத்தில் இப்படி.

"என்னத்தக்கா தொலைச்சீங்க?"

"யாரும் நடாம தானா முளைச்சது ஏதாவது இருக்கான்னு பாக்கேன். எறும்பு, சருகு, ஒரு புல்லு. நட்டது நிக்கிறது தண்ணி லாரி புண்ணியம். தானா வந்தா மண்ணு பொழைச்சிருச்சுன்னு அர்த்தம்."

இருபது சதுரத்தில் ரெண்டு புல், ஒரு எறும்பு வரிசை. அந்த எறும்பு எதைத் தின்ன அங்கே வந்திருக்கும்? வழி நெடுக அதே யோசனை.

ஏப்ரல் 20

அம்மா தூக்குவாளியைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்தாள்.

"பாஸாம்ட்டி. எண்பத்திரண்டுன்னு அந்த டீச்சர் போன்ல சொல்லிட்டாவளாம். இனி தன்னால நின்னுக்கிடுமாம். முப்பதாம் தேதியோட லாரிய நிறுத்துதாவ."

"பெயிலாயிருந்தா?"

"இன்னொரு வருசம் ஊத்தச் சொல்லுவாவளாம். இப்பதான் சொல்லுதாவ."

மே மாச வெயிலில், தண்ணி இல்லாமல். இருநூற்று அறுபத்தொன்பதும் சுள்ளிதான்.

ஏப்ரல் 21

அம்மா குழி பறித்தது கன்றுக்கு. நான் பறித்தது யாருக்கு?

ஏப்ரல் 22

பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர். ஜோயல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான். கோழை.

"அக்கா, அதுல அறுபது பேரு ஆள்மாறாட்டம்." பிடுங்கிக் கொண்டுபோன குச்சியை மேஜையில் வைத்தேன். அடியில் வேர் இல்லை.

சிரிக்கவில்லை. குச்சியைத் திருப்பி அடியை விரலால் தடவினாள். "மேல எண்பத்திரண்டு, கீழ ஒண்ணுமே இல்ல. அப்பவே எனக்கு இடிச்சுது. நான் தோண்டிப் பாத்திருக்கணும்." பிறகு, "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்க செஞ்சதாத்தான் கம்பெனியில நினைப்பாங்க, தெரியுமில்ல? போய்ச் சொல்லு. அவங்களோட வா. அதுவரைக்கும் ரிப்போர்ட்ட அனுப்பாம வச்சிருக்கேன்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றாமல் போச்சு? எறும்புக்கெல்லாம் யோசிக்கிறேன் —

ராத்திரி அம்மாட்ட சொல்லிட்டேன். அம்மா அடிக்கல. அடிச்சிருக்கலாம்.

ஏப்ரல் 25, சனி

அம்மா, நான், ஸ்ரீப்ரியா அக்கா. ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். மூன்றில் மட்டும் பால்பல் மாதிரி வெள்ளையாக வேர். அம்மா அக்காவைப் பார்த்தாள். "கணக்குல சேக்க முடியாது. ஆனா இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அக்கா. அம்மா மறுபடி மண்ணை மூடி மிதித்தாள்.

அறுபத்தேழு. பெயில். என்னோடு ஒரு பேச்சு இல்லை.

ஏப்ரல் 29

லாரி அடுத்த ஏப்ரல் வரை உண்டு. சூப்பர்வைசர் நோட்டு இனி, அம்மாவோடு கன்று நட்ட பாண்டிசெல்வி அத்தையிடம். அம்மா மற்றவர்களோடு குழாய் பிடிக்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். "நான்தான் செஞ்சேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

மே 9, சனி

காலை ஏழுக்கு லாரி வந்தது. சம்பளமில்லாத ஆளாக நானும். பாண்டிசெல்வி அத்தை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவை ஏறிட்டுப் பார்க்கச் சங்கடப்பட்டது. அம்மா பாட்டுக்குக் குழாயை எடுத்து நடந்தாள்.

நாற்பதாவது குழியோ என்னவோ. பதினேழு நாளில் முதல் பேச்சு:

"ஏட்டி, தூருல ஊத்து. கொப்பக் குளிப்பாட்டி எங்க, கல்யாணத்துக்கா அனுப்பப்போறே?"

பதிலுக்கு ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டு அடுத்த குழிக்குக் குழாயை இழுத்தேன்.