பத்தொன்பதாம் இடம்

ஜனவரி 17, சனிக்கிழமை

அன்புள்ள ராய்ஸ் அண்ணனுக்கு,

உன் தங்கை ஹேட்டி எழுதுவது. இன்று காலை நம் வீட்டுச் சமையலறையில் நடந்தது முழுவதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்யப் போகிறேன். "நீ கதைப் புத்தகத்துலயே குடியிருக்கறவ, எதையும் ஜோடிச்சுத்தான் சொல்லுவ" என்று போன கடிதத்தில் நீ எழுதியது எனக்குக் கொஞ்சம் சுட்டது. அதனால் இதில் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும்தான் இருக்கும். வருடாவருடம் ஜூலையில் நாம் கூடாரம் போடும் ஆற்றங்கரை முகாமுக்கு நீ வரலாமா, அப்பாவைக் கேட்காமல், கவனித்து மட்டும் சொல் என்றாய். மாதம் முடிவதற்குள் உன் படகுக் கேப்டனிடம் விடுப்பு நாட்களைச் சொல்லியாக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கிறது.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாக அப்பா உன் பெயரைச் சொல்லவில்லை. பன்றிப் பண்ணையை எடுத்து நடத்த மாட்டேன், சரக்குப் படகில் வேலைக்குப் போகிறேன் என்று போன ஜூலையில் முகாமில், மழையில் நீ சொன்னபோது, "போறவன் அப்படியே போயிடு" என்றாரே, அதோடு சரி. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையை நின்றபடியே படித்தார். பிறகு தீவனம் வைக்கப் போய்விட்டார். அவ்வளவுதான்.

இனி இன்றைய செய்தி. இந்த வருடத்திலிருந்து அந்த ஆற்றங்கரைப் பூங்காவில் கூடாரம் போடும் எல்லா இடங்களுக்கும் முன்பதிவு வந்துவிட்டது. சரியாக ஆறு மாதத்துக்கு முன், காலை ஏழு மணிக்குக் கணினியில் திறப்பார்கள். நேரில் போய் இடம் பிடிப்பதெல்லாம் இனி இல்லை. அப்பாவுக்கு ஒரு வாரமாக இதே புலம்பல். "ஆத்தங்கரையில படுக்க ஆறு மாசத்துக்கு முன்னாடியே நேரம் வாங்கணுமாம். அந்த ஆறு என்ன பல்லு டாக்டரா?" என்றார். அதற்கு அம்மா, "செயின்ட் லூயிஸ் டவுன்காரங்க பல்லு வெளக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பிடிச்சிடுவாங்க. பேசாம காபியக் குடிங்க" என்றாள்.

ஆறரைக்கே நான் மேசையில் கணினியோடு உட்கார்ந்துவிட்டேன். நம் இடம் இருபத்திமூன்றாம் எண்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதுதானே நம் இடம். கூடாரத்தை விட்டு இறங்கினால் கூழாங்கல் திட்டு, அதைத் தாண்டினால் கெளுத்தி மீன் கிடைக்கும் மடு. ஏழு அடித்ததும் பட்டியல் திறந்தது. இருபத்திமூன்று பச்சையாக மின்னியது. "அப்பா, கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன்.

அப்பா பின்னால் வந்து நின்று, "பத்தொன்பத எடு" என்றார்.

அண்ணா, பத்தொன்பது கழிவறைக்கு அடுத்த இடம்! இரவு முழுக்க அந்த விளக்கு கூடாரத்துக்குள் அடிக்கும். ஆற்றைப் பார்க்க ஐஸ் பெட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். "உங்களுக்கு என்ன ஆச்சு? விடிய விடியக் கதவு டமார் டமார்னு அடிக்குமே" என்றாள். "எனக்கும் வயசாகுதுல்ல. பக்கத்துலயே இருந்தா நல்லதுதான்" என்றார். "நாப்பத்தெட்டு வயசுக்கு இந்தப் பேச்சா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் இருபத்திமூன்று சிவப்பாகிவிட்டது. யாரோ எடுத்துவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. அழவில்லை, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அழுதேன். கோபத்தோடு பத்தொன்பதை அழுத்தினேன்.

படிவம் வந்தது. எத்தனை பேர் என்ற கேள்விக்கு மூன்று என்று போட்டேன். நம் வண்டியின் எண்ணைப் போட்டேன். அடுத்து, 'இந்த இடத்தில் இரண்டு வண்டிகள் நிறுத்தலாம். இரண்டாவது வண்டியின் எண் என்ன?' என்று கேட்டது. 'இல்லை' என்பதை அழுத்தப் போனேன்.

"இரு" என்றார் அப்பா.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ஏழு. கே. டி. நாலு. எம். ரெண்டு" என்றார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அவர் சொல்லி முடிக்கும்வரை எனக்குப் புரியவில்லை. நம்மிடம் வேறு இரண்டாவது வண்டி ஏது? அது உன் ட்ரக்கின் எண். எனக்கே அது தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நான் தட்டச்சு செய்ததை அவர் குனிந்து சரிபார்த்தார். "அந்த இருபத்திமூணுல ஒரு வண்டிக்குத்தான் இடம். போன தடவ மேட்டுல கொண்டுபோய் நிறுத்த வேண்டியதாப் போச்சு. மழையில அம்புட்டுத் தூரம் நடக்கணும்" என்றார். அன்று மழையில் நீ உன் ட்ரக் வரை நடந்துபோனதைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். இது என் எண்ணம் மட்டுமே. அவர் யார் நடந்தது என்று சொல்லவில்லை. பிறகு திரையில் விரலை வைத்து, "மூணுன்னு போட்டிருக்கியே, அதையும் மாத்து" என்றார். மாற்றினேன். கோட்டைக் கூடப் போடாமல் பனியில் இறங்கித் பன்றிக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

அம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி அடுப்பருகே நின்றிருந்தாள். காலைக்குச் சுட்ட பிஸ்கட் ரொட்டி எல்லாம் அடியில் கருகிவிட்டது. கருகியதையே மூன்று தின்றாள், இவ்வளவு நன்றாக வந்ததே இல்லை என்று வேறு சொன்னாள். எனக்கும் ஜூலைக்குப் பிறகு இன்றுதான் மூச்சு முழுதாக வந்தது போல் இருக்கிறது.

அவர் இன்னும் உன் பெயரைச் சொல்லவில்லை. வரச்சொல் என்றும் சொல்லவில்லை. இதையும் நான் எழுதத்தான் வேண்டும். ஆனால் நான்கு பேர், இரண்டு வண்டிகள் என்று உறுதிக் கடிதம் வந்திருக்கிறது. அச்சடித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 17, வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு மேல் உள்ளே விடுவார்கள். விறகு கொண்டு வராதே. மரவண்டு பரவுகிறது என்று வெளி விறகுக்குத் தடை. கூடாரத்தின் பாதி உன்னிடம் இருக்கிறது, அதை மறக்காதே. திங்கட்கிழமையே கேப்டனிடம் கேட்டுவிடு, அண்ணா. தயவுசெய்து கேள். படகில் நடக்கும்போது கயிறுகளைப் பார்த்துக் கால் வை. கடவுள் உன்னை நீர்மேல் காக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
ஹேட்டி

பின்குறிப்பு: அப்பா இப்போது என் அறை வாசலுக்கு வந்தார். உறைமேல் உன் முகவரியைப் பார்த்துவிட்டார். "பின் டயர் ரெண்டும் வழுக்கையாக் கெடந்துச்சு. அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி மாத்தச் சொல்லு" என்றார். பிறகு, "போதும், படு" என்று அவரே விளக்கை அணைத்துவிட்டுப் போனார். இந்த வரிகளை இருட்டில் எழுதுகிறேன்.